தப்பு அதிகமா பண்ற டீம் தான் நல்ல டீமா?

1990கள்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒருத்தங்க ஹார்வர்டுல பிஎச்டி பண்ணிட்டு இருந்தாங்க, ஆஸ்பத்திரி வார்டுல மருந்து மாத்தி குடுக்குற தப்பு எவ்ளோ நடக்குதுன்னு பாக்குற ஆராய்ச்சில அவங்களுக்கு ஒரு பங்கு. டீம் ஒத்துமையா இருந்தா தப்பு கம்மியா இருக்கும், அவ்ளோ தானேன்னு நெனச்சாங்க. டேட்டா வந்து பாத்தா தலைகீழ், நல்ல டீம்னு சர்வேல மார்க் வாங்குன வார்டுல தான் தப்பு கணக்கு அதிகம்!

அப்புறம் இந்த ரிசல்ட் எதுவும் தெரியாத ஒரு ஆள வார்டு வார்டா அனுப்பி கவனிக்க சொன்னாங்க, அப்ப தான் வெளிச்சமாச்சு. நல்ல வார்டுல நர்சுங்க "இத மாத்தி குடுத்துட்டேன்"னு தைரியமா சொல்றாங்க, திட்டு விழுற வார்டுல அமுக்கிடுறாங்க. அதாவது அளந்தது தப்பை இல்ல, தப்பை வெளிய சொல்ற தைரியத்தை.

கம்பெனில புதுசா யோசிக்கிற பழக்கம் நெஜமாவே இருக்கான்னு அளக்கப் போனாலும் இதே சிக்கல் தான். "புது ஐடியாவுக்கு இங்க வரவேற்பு இருக்கா, 1ல இருந்து 5 வரைக்கும் போடுங்க"ன்னு ஃபார்ம் வரும், பயந்தவன் தான் மொதல்ல 5 போடுவான். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல அந்த ஃபார்ம் மேல "பேர் தெரியாது"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், ஆனா ஆபீஸ் ஐடில லாகின் பண்ணா தான் தொறக்கும். எல்லாரும் 4, 5ன்னு தட்டிட்டு டீக்கடைக்கு போயிட்டோம், நெஜ சர்வே அங்க தான் நடந்துச்சு.

சரி பேட்டன்ட் எத்தனை வெச்சிருக்காங்கன்னு எண்ணலாமேன்னா, கோடாக்னு கேமரா ஃபிலிம் வித்த கம்பெனி இருக்கே. 1975ல அங்க வேலை பாத்த ஸ்டீவன் சாசன் டிஜிட்டல் கேமரா செஞ்சு காட்டினாரு, கிட்டத்தட்ட மூன்றரை கிலோ வெயிட்டு, ஒரு படத்தை கேசட்ல ஏத்தவே 23 செகண்ட், பேட்டன்டும் வாங்கியாச்சு. ஆனா ஃபிலிம்ல காசு கொட்டிக்கிட்டு இருந்ததால மேல இருந்தவங்களுக்கு அதுல பெரிய ஆர்வம் வரல. 2012 ஜனவரில திவால் மனு. ஆள் இருந்தாரு, ஐடியா இருந்துச்சு, ஐடியா மேல போற வழி தான் அடைச்சிருந்துச்சு, அந்த அடைப்பு எந்த பேட்டன்ட் கணக்குலயும் தெரியாது.

எனக்கு புடிச்ச கேஸ் 3எம்ங்குற அமெரிக்க கம்பெனி தான். 1968ல ஸ்பென்சர் சில்வர் நல்லா ஒட்டுற பசை செய்யப் போய், ஒட்டியும் ஒட்டாம பிச்சா வந்துடுற ஒண்ணு வந்து நின்னுச்சு. யாரும் அவரை ஏன்யா வேஸ்ட் பண்றேன்னு வீட்டுக்கு அனுப்பல, அவரும் பாக்குறவங்ககிட்ட எல்லாம் அதப் பத்தியே பேசிட்டு இருந்தாரு. 1974ல அதே கம்பெனில ஆர்ட் ஃப்ரைன்னு ஒருத்தர், சர்ச் பாட்டு புக்ல அடையாளத்துக்கு வெச்ச துண்டு பேப்பர் கீழ விழுந்துக்கிட்டே இருக்கேன்னு கடுப்பாகி, அந்த பசையை தடவிப் பாத்தாரு. 1980ல போஸ்ட்-இட்ங்குற அந்த ஒட்டிப் பிச்சு எடுக்குற குறிப்புச் சீட்டு அமெரிக்கா முழுக்க கடைக்கு வந்துச்சு. பசைக்கும் கடைக்கும் நடுவுல 12 வருஷம்! வேலை நேரத்துல 15% சொந்த யோசனைக்கு செலவு பண்ணலாம்னு அங்க ஒரு வழக்கம் உண்டு, அது தான் இதுக்கெல்லாம் எடம் குடுத்துச்சு.

அப்புறம் 2001 வாக்குல புது தலைவர் வந்து சிக்ஸ் சிக்மாவை லேப் வரைக்கும் கொண்டு போனாரு. 10 லட்சத்துல 3.4 பிசகு தான் வரலாம்ங்குற முறை அது, ஃபேக்டரிக்கு சூப்பர், ஆனா ஆராய்ச்சில பிசகு தானே சரக்கு? லாபம் ஏறுச்சு. 5 வருஷத்துக்குள்ள வந்த புது பொருள்ல இருந்து வர்ற விற்பனை மூணுல ஒரு பங்கா இருந்தது நாலுல ஒரு பங்கா எறங்குச்சு, அடுத்து வந்தவரு லேப்ல அந்த கெடுபிடியை தளர்த்துனாரு. என்னைக் கேட்டா இந்த பங்கு தான் ஓரளவு நம்பலாம், ஏன்னா ஃபார்ம்ல 5 போட்டு ஏத்த முடியாது. ஆனா பழைய டப்பாக்கு புது கலர் அடிச்சு "புது பொருள்"னு கணக்கு காட்டுறவங்களும் உண்டு, அதையும் பாத்துக்கணும்.

இன்னொண்ணு நான் இன்டர்வியூவுல கேக்குறது, கடைசியா உங்ககிட்ட ஊத்திக்கிட்ட ப்ராஜெக்ட் எது, அத பண்ணவரு இப்ப எங்க இருக்காரு? ஒரு எடத்துல மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "எங்ககிட்ட அப்படி எதுவும் ஊத்திக்கிட்டதே இல்லீங்க." ரெண்டு நாள் கழிச்சு ஆஃபர் லெட்டர் வந்துச்சு, நான் போகல.