சிஸ்டோசோமியாசிஸ்: பிளக்காத உடலுக்கு வந்த பெயர்

சிஸ்டோசோமியாசிஸ், மனித இரத்தக் குழாய்க்குள் வாழும் ஒரு தட்டைப்புழுவால் வரும் நோய். வாயில் நுழையாத பெயர்தான், பிரித்துப் பார்த்தால் எளிது. கிரேக்கத்தில் 'ஸ்கிஸ்டோஸ்' என்றால் பிளந்தது, 'சோமா' என்றால் உடல். கடைசியில் வரும் 'இயாசிஸ்' நோயைக் குறிக்கும் விகுதி.

சரி, எது பிளந்திருக்கிறது? அந்தப் புழுவில் ஆணின் உடல் என்கிறது பெயர். ஆனால் அது பிளவே அல்ல. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் தட்டைப்புழு, தன் உடலின் இரு ஓரங்களையும் வெற்றிலையை மடிப்பதுபோல் உள்ளே மடித்துக்கொள்கிறது. அப்படி உண்டாகும் வாய்க்காலுக்குள் நூல்போல் மெலிந்த பெண் புழு குடியிருக்கிறது. மனித இரத்தக் குழாய்க்குள் இந்த இணை பல ஆண்டுகள் வாழும்.

புழுவை 1851இல் கெய்ரோவில் பிணக்கூறாய்வின்போது கண்டவர் ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ். அவர் வைத்த பெயர் 'டிஸ்டோமம் ஹேமடோபியம்'. டிஸ்டோமம் என்றால் இருவாய். இரண்டில் ஒன்று வாயே அல்ல, வெறும் ஒட்டுறிஞ்சி! 1858இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வைன்லாண்ட் அதை 'சிஸ்டோசோமா' என்று மாற்றினார். இருவாய் போய்ப் பிளவுடல் வந்தது, அவ்வளவுதான். எகிப்தில் இன்றும் மக்கள் சொல்வது, கண்டுபிடித்தவர் பெயரால் வந்த 'பல்ஹார்சியா'.

தமிழில் 'நத்தைக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. காய்ச்சல் தொடக்கத்தில் சிலருக்கு வருவது. நோய் முற்றினால் சிறுநீரில் இரத்தம், கல்லீரல் கேடு என்று போகும். வயல் நத்தையைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற நம்மூர்க்காரர் இந்தப் பெயரைக் கேட்டால் சட்டியைக் கவிழ்த்துவிடுவார். தின்பதால் வரும் நோயல்ல இது. நோயாளியின் சிறுநீரோ மலமோ ஆற்றிலோ ஏரியிலோ கலந்தால் முட்டைகள் பொரிக்கும். வெளிவரும் நுண்புழு குறிப்பிட்ட சில நன்னீர் நத்தைகளுக்குள் புகுந்து பெருகும். அப்புறம் கவட்டை வாலுடன் வெளியே வந்து, தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து நுழையும். துணி துவைக்க இறங்கினாலே போதும்.

சொல்லுக்குச் சொல் 'பிளவுடற்புழு நோய்' எனலாம். கிரேக்கப் பிழையை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? 'குருதித் தட்டைப்புழு நோய்' என்பதே என் தேர்வு. பில்ஹார்ஸ் வைத்ததில் இன்றும் நிலைத்திருக்கும் 'ஹேமடோபியம்' என்ற பாதிக்கும் 'குருதியில் வாழ்வது' என்றுதான் பொருள்.