பிரஷர் நார்மல் ஆனது மாத்திரையால்தான்

"டாக்டர், பிரஷர் நார்மல் ஆயிடுச்சுன்னு இவரே மாத்திரையை நிறுத்திட்டாரு."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இந்த முறை சொன்னவர் நோயாளியின் மனைவி. நோயாளியால் பேச முடியவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், மூளையில் ரத்தக்கசிவு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கடைசியாகப் பார்த்தபோது 126/80 இருந்ததாம். அதை நம்பித்தான் விட்டிருக்கிறார்.

அந்த 126/80-ஐக் கொடுத்ததே மாத்திரைதான். ரத்த அழுத்தம், ஒரு வாரம் மருந்து சாப்பிட்டால் தீர்ந்துபோகும் தொற்று அல்ல. பெரும்பாலான பிரஷர் மாத்திரைகள் ஏறக்குறைய ஒரு நாள் வேலை செய்யும், அவ்வளவுதான். நிறுத்தினால் அழுத்தம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே ஏறும். சிலருக்கு இதற்குச் சில வாரங்கள் ஆகும். "நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலையே" என்று நீங்கள் சொல்வது அந்த இடைவெளியில்தான். குளோனிடின், பீட்டா பிளாக்கர் போன்ற சில பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகவே எகிறலாம்.

"தலைவலி, தலைசுற்றல் எதுவும் இல்லையே?" 180 இருப்பவர்கூட என் எதிரே சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. உடம்பு சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்; அளந்தால்தான் தெரியும்.

மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவர்களே, கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். மூட்டுவலிக்கு நீங்களாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரோஃபெனும் கிட்னியையும் பதம் பார்க்கும், பிரஷரையும் ஏற்றும். அதற்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை.

ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? பலருக்கு ஆம். எடை குறைத்து, உப்பைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பவர்களில் சிலருக்கு நானே அளவைக் குறைத்திருக்கிறேன். ஆனால் அளந்து பார்த்துக்கொண்டே, படிப்படியாக. கால் வீங்குகிறது, வறட்டு இருமல் வருகிறது என்றால் சொல்லுங்கள். மாற்றித் தர வேறு மாத்திரைகள் இருக்கின்றன. தயவுசெய்து, நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உப்பு, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள். பாறை உப்பும் கடல் உப்பும் சோடியம் குளோரைடுதான், ஏமாறாதீர்கள். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோய் இருந்தாலோ பிரஷர் மாத்திரை எடுத்தாலோ கேட்காமல் வாங்காதீர்கள்.

வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாதீர்கள். பேசாதீர்கள். முந்தைய அரை மணி நேரம் காபி, புகை வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து எழுதி வையுங்கள். வீட்டில் சராசரி 135/85-ஐ எட்டினாலே வந்து காட்டுங்கள்.

திடீரென்று வாய் கோணினால், கை தூக்க வரவில்லை என்றால், பேச்சு குழறினால், அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரத்தில், விட்டுப்போன பிரஷர் மாத்திரையை எடுத்து வாயில் போடாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடலாம்.