லாச்சிக்குள் போகும் முதலாளியின் கை

கொழும்பில் புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கடை மூடப்பட்டால் வாடகை, வரி, டொலர், பக்கத்துக் கடைக்காரரின் விலைக்குறைப்பு என்று காரணங்கள் வரிசையாக வரும். அவை பொய்யல்ல. ஆனால் மூடின கடையின் கொப்பிகளை விரித்துப் பார்க்கும் கணக்காளர் முதலில் தேடுவது வேறொன்றை: முதலாளி மாதாமாதம் வீட்டுக்கு எவ்வளவு எடுத்தார்? பல கொப்பிகளில் அந்தப் பக்கமே இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 20 இலட்சம் ரூபா விற்கும் ஹார்ட்வெயார் கடை. சாமான் வாங்கிய விலை போக 18% மிஞ்சுகிறது என்றால் 3,60,000. வாடகை 90,000, இரண்டு ஊழியர் சம்பளம் 1,00,000, அவர்களுக்காக முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12%, ஊழியர் நம்பிக்கை நிதி 3%, ஆக 15,000, கரன்ட், ஃபோன் 25,000, வங்கிக் கடன் வட்டி 40,000. எல்லாம் போக மிச்சம் 90,000. இப்போது முதலாளி கை வைக்கும் காசு லாச்சியைப் பாருங்கள். காலையில் சந்தைக்கு 1,500, பின்னேரம் பிள்ளையின் டியூஷனுக்கு 2,000, வீட்டுக்குப் போகும்போது கையில் ஆயிரம். நாளுக்கு 4,500, மாதத்தில் 26 நாள், 1,17,000. மாதம் 27,000 துண்டு விழுகிறது. வருடத்துக்கு 3,24,000.

இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? சாமான் தந்தவரின் காசிலிருந்து. 45 நாள் தவணையில் சாமான் எடுத்தால், கட்ட வேண்டிய நாள் வரும்வரை லாச்சி நிறைந்தே கிடக்கும். தீபாவளி, நத்தார் விற்பனை அந்தப் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் மூடிவிடும். ஜனவரியில் வியாபாரம் படுக்கும், டிசம்பர் சாமானுக்குக் கொடுத்த செக்குகள் ஒவ்வொன்றாக வங்கிக்குப் போகும். அன்றுதான் பள்ளம் தெரிகிறது. “இந்த வருடம் ஜனவரி சரியில்லை” என்று மாதத்தின் மேல் பழி போடுவது வழக்கம்.

இந்தப் பழக்கத்தை மாற்ற மனஉறுதி மட்டும் போதாது, ஓர் ஒழுங்கு வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் செலவு போக மிஞ்சியதன் சராசரியை எடுத்து, அதில் பாதிக்கு மேற்படாத தொகையை உங்கள் சம்பளமாக வையுங்கள். மேலே சொன்ன கடைக்கு அது 45,000. குடும்பத்துக்குப் போதாதென்றால் அந்தக் கடை இன்னும் உங்கள் வீட்டைத் தாங்கும் அளவுக்கு வளரவில்லை. இதைக் காகிதத்தில் பார்ப்பது கசப்புத்தான். தொகையை முதலாம் திகதி வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, லாச்சியைக் காசாளரிடமோ ஊழியரிடமோ கொடுங்கள். காலையில் சில்லறை 5,000 மட்டும் இருக்கட்டும். மாலையில் அந்த 5,000, காசு விற்பனை, வசூலான கடன் மூன்றையும் கூட்டி, துண்டுச்சீட்டு உள்ள செலவைக் கழித்தால் வரும் தொகை கையில் இருக்க வேண்டும். குறைந்தால் குறைந்ததாகவே எழுதுங்கள், சரிக்கட்டாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் பெயின்ட் வாளிக்கும் பில் போட வேண்டும். அதுவும் காசுதான்.

அடுத்தது முகத்தாட்சண்யம். ஊர்க்காரர், கோயில் சபைக்காரர், மச்சானின் நண்பர் என்று கடன் கொப்பி தடிக்கும். 90,000 ரூபா கடன் வராமல் போனால், மேலே பார்த்த கடைக்கு ஒரு மாத மிச்சம் முழுவதும் போச்சு. அதாவது 20 இலட்சத்துக்கு விற்ற உழைப்பு. ஒவ்வொருவருக்கும் ஓர் உச்சத் தொகையைக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதி வைத்தால், “இதற்கு மேல் கடன் தர எனக்கு அனுமதி இல்லை” என்று கடைப் பையனே சொல்லிவிடலாம். உங்களுக்கு முகம் முறியாது. பழைய பாக்கியில் பாதியாவது வராமல் புதிய சாமான் போகக்கூடாது.

திகதி தள்ளிப் போட்ட செக் இதைவிட ஆபத்து. வாடிக்கையாளர் தந்த செக்கை அப்படியே சாமான்காரருக்குக் கை மாற்றுவது புறக்கோட்டையில் சாதாரணம். முதலாவது செக் திரும்பினால் அதை நம்பி எழுதிய மற்றச் செக்குகளும் அடுத்தடுத்துத் திரும்பும். வங்கியில் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். எழுதும் ஒவ்வொரு செக்கையும் டயரியில் அது வங்கிக்குப் போகும் திகதியிலேயே குறியுங்கள். ஒரு வாரத்தில் விழும் செக்குகளின் மொத்தம், கடந்த எட்டு வாரங்களில் வாரத்துக்குச் சராசரியாக வங்கியில் போட்ட காசின் 70 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த செக்கை எழுத வேண்டாம்.

பிறர் காசைத் தன் காசாக நினைப்பதும் இதே பழக்கத்தின் நீட்சிதான். ஊழியர் சம்பளத்தில் கழித்த 8 சதவீதம், வட் (பெறுமதி சேர் வரி) பதிந்த கடையில் பில்லோடு சேர்த்து வாங்கும் 18 சதவீதம், இரண்டும் உங்களுடையவை அல்ல. சேமலாப நிதியை அடுத்த மாத முடிவுக்குள் கட்டத் தவறினால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 சதவீதம் வரை ஏறும். இவற்றுக்குத் தனி வங்கிக் கணக்குத் திறப்பது ஒரு காலை நேர வேலை.

விலை போடும் பழக்கமும் உண்டு. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 300 அளவுக்கு ஏறியபோது, பழைய பில் விலைக்கு மேல் இலாபம் வைத்து விற்றவர்களின் ஸ்டொக் வேகமாகக் காலியானது. அந்தக் காசில் அதே அளவு சாமானைத் திரும்ப வாங்க முடியவில்லை. வாங்கின விலையைப் பார்க்காதீர்கள். இன்று வாங்கினால் என்ன விலை என்று கேட்டு, மாதம் ஒருமுறையாவது விலைச்சீட்டைத் திருத்துங்கள்.

ஸ்டொக் எண்ணுவதற்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் நல்லது. வங்கி இல்லை, வாடிக்கையாளரும் குறைவு. ஒருவர் எண்ண ஒருவர் எழுத வேண்டும். எண்ணுபவர் கையில் பழைய பட்டியல் இருக்கக்கூடாது, இருந்தால் அதிலுள்ள இலக்கத்தையே சொல்லிவிடுவார். ஆறு மாதமாக அசையாத சாமானுக்குச் சிவப்புப் புள்ளி வைத்து, அடுத்த போயாவுக்கு முன் வாங்கின விலைக்காவது தள்ளுங்கள். முதல் தடவை எண்ண நாள் முழுக்கப் போகும். மூன்றாவது தடவை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.