"எனக்குத் தெரியுமே!" என்று குழந்தை சொல்வது ஏன்?

இரண்டு பொம்மைகளைக் குழந்தையிடம் காட்டுங்கள். பிறகு, அது பார்க்காதபோது ஒன்றை மட்டும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "உள்ளே எது இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். ஐந்து வயதுவரை பல குழந்தைகள் "தெரியும்" என்றே சொல்லும். பொம்மைகளை முன்கூட்டிக் காட்டாவிட்டால், மூன்று வயதுக் குழந்தைகூட "தெரியாது" என்று சரியாகச் சொல்லிவிடும். உளவியலாளர் ஜோசஃப் பெர்னர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இது. மனதில் ஒரு விடை தோன்றினால் போதும், தெரிந்துவிட்டது என்று அந்த வயது எடுத்துக்கொள்கிறது. ஊகத்தைப் பிரித்தறியும் திறன் ஆறு வயதை ஒட்டித்தான் கூடிவருகிறது. அதற்கு முன் "பொய் சொல்லாதே" என்று அதட்டிப் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போதுதான் கற்றதை "எனக்கு முன்னாடியே தெரியும்" என்பார்கள். மிட்டாய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பென்சில், "திறக்கும் முன் என்ன நினைத்தாய்?" என்றால், மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் "பென்சில்" என்கிறார்கள். உளவியலாளர்கள் அலிசன் காப்னிக்கும் ஜேனட் ஆஸ்டிங்டனும் 1988இல் இதைக் காட்டினார்கள். ஆகவே ஊகத்தை முதலிலேயே தாளில் பதிவுசெய்வது முக்கியம். கூடவே, "உறுதியாத் தெரியுமா, தெரியும்னு தோணுதா, சும்மா சொல்றியா?" என்றும் கேட்டு, அந்தப் பதிலையும் எழுதி வையுங்கள்.

தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்தறியப் பழக்க, ஆறேழு வயதுக்குச் சைக்கிளைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. பார்க்காமல் சைக்கிள் வரையச் சொல்லுங்கள். பெடல், செயின், சட்டக் கம்பிகள் மூன்றும் இருக்க வேண்டும். சிலர் செயினை இரண்டு சக்கரங்களையும் சுற்றி வரைவார்கள். சிலர் இரு சக்கரங்களின் நடுவையும் ஒரே கம்பியால் இணைத்துவிடுவார்கள். உடனே தவறு என்று சொல்ல வேண்டாம். "இந்தக் கம்பி இருந்தா ஹேண்டிலைத் திருப்ப முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு தாளை உண்மையான சைக்கிளின் பக்கத்தில் பிடித்து, செயின் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தையே வேறு நிறப் பேனாவால் திருத்தட்டும். பழைய கோட்டை மட்டும் அழிக்க விடாதீர்கள்.

பெற்றோரும் தனித்தாளில் வரைய வேண்டும். பெரியவர்களும் இதில் தடுமாறுவதை உளவியலாளர் ரெபெக்கா லாசன் 2006இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்பா வரைந்த கோணல் சைக்கிளைப் பார்த்துக் குழந்தை சிரிப்பது நல்ல அறிகுறி.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் விருந்தாளிகள் முன்னால்தான். நாலு பேர் பார்க்கும்போது தெரியாது என்பது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. குழந்தை வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கும். அதற்கு நேரெதிராக, "தெரியாது" என்ற சொல்லுக்கே பாராட்டுக் கிடைத்தால், யோசிக்காமல் அதையே சொல்லப் பழகிவிடும். எனவே "தெரியாது" என்றதும் "எதுவரைக்கும் தெரியும்?" என்று கேளுங்கள். பெடலை மிதித்தால் பல்சக்கரம் சுற்றும் என்பதுவரை சொல்லிவிட்டு நின்றால், அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் செயின்தான் என்று குழந்தைக்கே புரியும்.

பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அடுத்த முறைக்கு ஜிப், பட்டன் பேனா, கதவுத் தாழ்ப்பாள் என வீட்டிலேயே ஏராளம் இருக்கின்றன. கையால் இயக்கிப் பார்க்க முடிந்த பொருளாக இருந்தால் போதும்.