பேனல் ஐகான்: முதலில் வடிவம், அப்புறம் நிறம்

திரை ஓரத்தில் நிலை ஐகான்கள் நிற்கும் பட்டைதான் பேனல். அதில் வைஃபை ஐகானின் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. இடைமுக வடிவமைப்பில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார் இது. பயனர் வைஃபையை அணைத்துப் போடுவார், கணினியை மறுபடி தொடங்குவார். கடைசியில் பார்த்தால் ஓட்டல் வைஃபையின் லாகின் பக்கம்தான் தடையாக இருந்திருக்கும். ஐகான் காட்டியதில் தவறில்லை, ரேடியோ சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது சிக்னல் கணக்கல்ல, இணையம் வருகிறதா என்ற பதில்.

லினக்ஸின் க்னோம் என்ற மேசைத்தளத்தில் (டெஸ்க்டாப் இடைமுகத்தில்) இதற்கு வழி உண்டு. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் பின்னணியில் ஒரு சிறு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த பதில் வராவிட்டால் வைஃபை ஐகானில் கேள்விக்குறி வந்துவிடும். இந்தச் சோதனையை அணைத்து வைத்திருக்கும் லினக்ஸ் விநியோகங்களில் (டிஸ்ட்ரோக்களில்) பழைய குழப்பம்தான்.

அதனால் வரைய உட்காரும் முன் நிலைகளை எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். நிறைந்தது, பாதி, குறைவு, ஆபத்து என்ற நான்கோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சார்ஜ் ஏறுகிறது, சார்ஜர் செருகியிருந்தும் ஏறவில்லை, பேட்டரியே இல்லை என்பவை விட்டுப்போகும். ஆயுளைக் காக்க 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் மடிக்கணினிகள் இப்போது சாதாரணம். அப்போதும் மின்னல் குறியையே காட்டினால், சார்ஜர் கெட்டுவிட்டது என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள்.

க்னோமின் சிம்பாலிக் ஐகான்கள், அதாவது ஒரே நிறத்தில் வரும் எளிய குறிகள், 16×16 பிக்சல் கட்டத்தில் வரையப்படுகின்றன. மொத்தம் 256 புள்ளிகள். இதில் ஒரு பிக்சல் கோட்டை நம்பி ஒரு நிலையைச் சொல்ல முடியாது. திரையை 125 சதவீதமாகப் பெரிதாக்கினால் அந்தக் கோடு 1.25 பிக்சல் ஆகி மங்கிவிடும். 16ஐ 20 ஆக்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்காமல் கோப்பை அனுப்பாதீர்கள். வெக்டர், அதாவது புள்ளிகளாக இல்லாமல் கணித வடிவமாகச் சேமித்த படம் என்பதால் எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும் என்ற நம்பிக்கை இவ்வளவு சிறிய அளவில் செல்லாது.

நிறத்துக்கு வருவோம். சரி என்றால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு என்று ஒரே வட்டத்துக்கு இரண்டு நிறம் பூசுவது இன்னும் நடக்கிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் சிக்கல் உண்டு. தகவலை நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது என்று வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் 2008 பதிப்பே சொல்லிவிட்டது. பொருள் தரும் குறிகளுக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்பது 2018 பதிப்பில் சேர்ந்தது. வலைக்காக எழுதிய விதிகள்தான், பேனலுக்கும் அப்படியே பொருந்தும். சோதிப்பதும் எளிது: பேனலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். இரண்டு நிலைகள் ஒன்றுபோலத் தெரிந்தால் வேலை முடியவில்லை. லைட் தீம், டார்க் தீம் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஐகானும் தனியாக அழகாக இருந்து, சேர்ந்து நிற்கும்போது சண்டை போடுவது இன்னொரு தொல்லை. மைக் அணைந்திருந்தால் குறுக்குக்கோடு, ஸ்பீக்கர் அணைந்திருந்தால் பெருக்கல் குறி, புளூடூத் அணைந்திருந்தால் மங்கல். ஒரே செய்திக்கு மூன்று பாஷை. இதில் மங்கல்தான் மோசம். சிக்னல் குறைந்தாலும் வைஃபையின் மேல் வளைவுகள் மங்கித்தானே தெரிகின்றன! பக்கத்திலேயே புளூடூத் மங்கினால் அணைந்துவிட்டதா, வலுவிழந்ததா? அணைந்ததற்குக் குறுக்குக்கோடு, கோளாறுக்கு ஆச்சரியக்குறி என்று முடிவு செய்து எல்லா ஐகானுக்கும் அதையே போடுங்கள். ஒலியளவு பூஜ்யமும் மியூட்டும் வேறு வேறு என்பதும் நினைவிருக்கட்டும். மியூட்டை எடுத்தால் பழைய ஒலியளவு திரும்பும். பூஜ்யத்தில் இருந்தால், ஒலியளவு ஏறாதவரை மியூட்டை எடுத்தும் சத்தம் வராது.

எந்த ஐகான் எப்போது தெரிய வேண்டும் என்பதும் வடிவமைப்புதான். லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான கேடிஇயில் ஒரு செயலி தன் ஐகானைச் செயலற்றது, செயலில் உள்ளது, கவனம் தேவை என்று மூன்றில் ஒன்றாக அறிவிக்கலாம். செயலற்றதைப் பேனல் மறைத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் எப்போதும் "செயலில்" என்றே சொல்லிக்கொண்டு இடத்தைப் பிடித்திருக்கும் செயலிகளுக்குக் குறைவில்லை.

மைக், கேமரா பயன்பாட்டுக் குறிகளுக்கு மட்டும் நான் நிறத்தைத் தாராளமாக அனுமதிப்பேன். அவை கண்ணில் பட்டே ஆக வேண்டும். அங்கும் வடிவம் துணை நிற்க வேண்டும். ஐபோனில் மைக் இயங்கும்போது வரும் ஆரஞ்சுப் புள்ளி, நிறமின்றி வேறுபடுத்தும் அமைப்பை இயக்கினால் சதுரமாக மாறும். கூட்டத்துக்கான செயலியில் மியூட் செய்த பிறகும் பல நேரம் மைக் திறந்தே இருப்பதால் பேனல் குறி மறையாது. யாரோ ஒட்டுக்கேட்கிறார்களோ என்று பயனர் பயப்படுவார். அதற்காகக் குறியை மறைக்க வேண்டாம். மைக்கை எந்தச் செயலி பிடித்திருக்கிறது என்பதை டூல்டிப்பில் (சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் சிறு குறிப்பில்) பெயரோடு எழுதுங்கள், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் படிக்கும் பெயரிலும் அதையே வையுங்கள்.