தற்காப்பும் உடைமைக் காப்பும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வளவு வீடு (நடுமுற்றம் கொண்ட பூர்வீக வீடு) ஆண்டில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கிறது. ஆறு புள்ளிக்கு, அதாவது ஆறு குடும்பத்துக்கு, சொந்தமான வீடு. ஆறு புள்ளியும் வெளியூரில். பின்கட்டு வழியே யாரோ இறங்கிப் பித்தளைத் தவலைகளைத் தூக்கிப் போன பிறகு, பங்காளி அண்ணன் ஒருவர் மதில்மேல் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சலாம் என்றார். ஆள் செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "தற்காப்புத்தானே தம்பி, சட்டமே இடம் கொடுக்கிறது" என்றார்.

தன் + காப்பு என்பதே தற்காப்பு. 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணி' என்று குறள் 56 தொடங்குகிறது. அங்கே காக்கப்படுவது 'தான்'. காப்பின் வேர் 'கா'. காவல், காவலன், கையில் அணியும் காப்பு, நூலின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுள் எல்லாம் அதன் கிளைகள். தீங்கு நெருங்காமல் தடுப்பதே எல்லாவற்றுக்கும் பொதுப்பொருள். இனி 'தன்' என்பதைப் பார்க்க வேண்டும். என் தவலை என்னுடையது. அது நான் ஆகாது. என்னுடையதைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல்லே இருக்கிறது: உடைமை. அண்ணன் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

பிழை அவருடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த ஆங்கிலத் தொடர் 'பிரைவேட் டிஃபென்ஸ்'. அரசின் காவலர் வந்து சேராத நேரத்தில் குடிமகன் தானே செய்துகொள்ளும் காப்பு என்பது அதன் கருத்து. தன் உடல், பிறர் உடல், தன் சொத்து, பிறர் சொத்து எல்லாம் அதில் அடங்கும். அதற்குப் பதிலாக வந்த இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் அதுவே தொடர்கிறது. இவ்வளவு அகன்ற கருத்தைத் 'தற்காப்புரிமை' என்று தமிழில் எழுதும்போது, பக்கத்து வீட்டாரின் உயிரைக் காப்பது சொல்லுக்கு வெளியே போய்விடுகிறது. நம் பீரோ 'தன்'னுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சொத்துக்காக உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போக 41-ஆம் பிரிவு சில இடங்களில் மட்டும் விடுகிறது: கொள்ளை, இருட்டிய பின் விடியுமுன் வீடு உடைத்தல், குடியிருப்புக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலையில் நடக்கும் திருட்டு போன்றவை. அவற்றுக்கும் மேலே 37-ஆம் பிரிவு நிற்கிறது. காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. கொல்லையில் தவலையோடு ஓடுகிறவனைக் கொல்ல எந்த வரியும் அனுமதிக்கவில்லை.

மின்கம்பியைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1963-இல் பேசியிருக்கிறது. பீகாரில் ஒருவர், தம் கழிப்பறைக்கு வெளியார் வராமலிருக்க வழியில் மின்கம்பி இழுத்திருந்தார். தன் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்ததால் அங்கே வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு இறந்தார். சொத்தைக் காக்கும் உரிமை என்ற வாதம் எடுபடவில்லை. அத்துமீறி நுழைந்தவரும் சட்டத்தின் காப்பை இழந்தவர் ஆகிவிடமாட்டார் என்றது நீதிமன்றம். அந்தக் கம்பிக்குத் திருடனும் தெரியாது, அவசரத்துக்கு வந்தவளும் தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

'அவரவர் வீடு அவரவர்க்குக் கோட்டை' என்ற கருத்தை 1604-இல் ஓர் ஆங்கில வழக்கு நிலைநாட்டியது. அமெரிக்காவில் வீட்டுக்குள் நுழைபவர்மீது ஆயுதம் எடுக்கும் உரிமைக்கு இன்றும் அந்தக் கோட்டையின் பெயர்தான். டெக்சாஸ் சட்டம் இரவுத் திருட்டைத் தடுக்கவும், சில நிபந்தனைகளோடு, உயிரைப் பறிக்கும் அளவுக்கு விடுகிறது. அதே அமெரிக்காவில் அயோவா மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல், ஆளில்லாத பண்ணைவீட்டில் கதவோடு துப்பாக்கியைப் பிணைத்து வைத்தவர்கள், பழைய சீசாக்களைத் தேடி நுழைந்து காலில் சுடப்பட்டவருக்கு முப்பதாயிரம் டாலர் தர வேண்டும் என்பதை உறுதிசெய்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் என்று பெயர் சொல்லும் நமக்கும், பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளுக்கும் இதைவிட நெருங்கிய வழக்கு கிடையாது.

வயதான ஆச்சி ஒருவர் மட்டும் உறங்கும் வீட்டில் நள்ளிரவில் கதவு உடைபட்டால் நிலைமை வேறு. அங்கே அச்சம் உயிருக்கு. தற்காப்பு என்ற சொல் அங்கே முழுமையாகப் பொருந்தும்.

ஆகவே பொதுச்சொல்லாகத் 'தனிக்காப்புரிமை' என்று எழுதலாம் என்பது என் கருத்து. அதற்குள் உயிருக்கும் உடலுக்கும் 'உயிர்க்காப்பு', பொருளுக்கு 'உடைமைக் காப்பு'. 'திருடனைத் தற்காப்புக்காகக் கொன்றார்' என்று செய்தி எழுதுமுன், அவர் உயிரைக் காத்தாரா, உடைமையைக் காத்தாரா என்று கேட்டு எழுத வேண்டும்.

ஊரின் உடைமையைக் காப்பதற்குப் பழைய பெயரும் உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டை வட்டாரக் கல்வெட்டுகளில் வரும் பாடிகாவல், ஊரைக் காப்பவருக்கு ஊரார் கொடுத்த காவல் உரிமையும் வரியும் ஆகும். அண்ணனிடம் அதையும் சொன்னேன். மதிலில் கம்பி ஏறவில்லை. இப்போது முகப்பில் இரவுக்கு ஒருவர் படுக்கிறார். அவர் சம்பளம் ஆறு புள்ளிக்கும் பங்கு பிரிகிறது.