கணக்கு தப்பினால் யார் கட்டுவது? அரசு–தனியார் ஒப்பந்தங்களில் பார்க்க வேண்டியவை

டோல்கேட்டில் நிற்கும்போது நமக்கு வரும் கோபம் கட்டணத்தின் மேல்தான். ஆனால் அந்தக் கட்டணம் அங்கே முடிவானதல்ல. பல வருடங்களுக்கு முன்பு யாரோ கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தத்தில், பெரும்பாலும் அதன் பின்னிணைப்பு ஒன்றில் முடிவானது. சாலை, பாலம், குடிநீர்த் திட்டங்களுக்கு வங்கி கடன் கொடுக்கும் முன் அவற்றின் வரவு செலவுக் கணிப்பைச் சரிபார்ப்பது ஆடிட்டராக நான் செய்யும் வேலைகளில் ஒன்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தத் திட்டங்களைப் பற்றி வெளியே நடக்கும் விவாதம் பாதிக்கு மேல் தேவையில்லாதது. "தனியாருக்குத் தாரைவார்க்கிறார்கள்" என்று ஒரு பக்கம், "அரசிடம் பணம் இல்லை, வேறு என்ன வழி" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியாது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். பிபிபி, அதாவது அரசு–தனியார் கூட்டுத் திட்டம் என்றால் தனியார் பணம் போடுகிறார் என்று எல்லோரும் நினைக்கிறோம். நான் பார்க்கும் திட்டங்களில் நூறு ரூபாய் செலவென்றால் எழுபது ரூபாய்வரை வங்கிக் கடனாக இருப்பது சாதாரணம். அதில் பெரும்பங்கு பொதுத்துறை வங்கிகளுடையது, அதாவது நம் வீட்டு டெபாசிட். கட்டணம் மட்டும் வைத்துக் கட்டுப்படியாகாத சாலை போன்ற திட்டத்துக்கு, செலவில் 20 சதவீதம்வரை மத்திய அரசே மானியம் தரும் ஏற்பாடும் உண்டு. திட்டத்தை நடத்தும் மாநிலமோ துறையோ அதற்கு மேல் இன்னொரு 20 சதவீதம் தரலாம். ஆக, அரசின் செலவு மறைந்துபோவதில்லை. கொஞ்சம் இடம் மாறுகிறது, கொஞ்சம் தள்ளிப்போகிறது. அதனால் பணம் யாருடையது என்பதைவிட, போட்ட கணக்கு தப்பினால் யார் கட்டுவது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கணக்கு தப்பும். அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு சாலைக்கு எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஆட்களை நிறுத்தி ஏழு நாள், இரவு பகலாக வண்டிகளை எண்ணுவார்கள். கார், பஸ், லாரி, டிராக்டர் என்று தனித்தனியாக எண்ணி, எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். அப்புறம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் போக்குவரத்து கூடும் என்று ஓர் எண் வேண்டும். எக்செல் ஷீட்டில் அது ஒரே ஒரு கட்டம். 5 என்று அடித்தால் இருபது வருடத்தில் போக்குவரத்து இரண்டரை மடங்கைத் தாண்டும். 7 என்று அடித்தால் கிட்டத்தட்ட நான்கு மடங்கைத் தொடும். 5-ல் நஷ்டமாகத் தெரிந்த சாலை 7-ல் தங்கச்சுரங்கமாகிவிடும். ஏன் 7 என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: பொருளாதார வளர்ச்சி, வரப்போகும் தொழிற்பேட்டை, பக்கத்துத் துறைமுகம். அந்தத் தொழிற்பேட்டை வரவில்லை என்றால்? அதற்கான பதில் எக்செல்லில் இருக்காது, ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

2009-லிருந்து 2012வரை தேசிய நெடுஞ்சாலை டெண்டர்களில் இந்த ஒரு கட்டம் செய்த வேலையை மறக்க முடியாது. மானியம் கேட்க வேண்டிய கம்பெனிகள், "நாங்களே வருடாவருடம் நெடுஞ்சாலை ஆணையத்துக்குப் பிரீமியம் கட்டுகிறோம்" என்று போட்டி போட்டு ஏலம் எடுத்தார்கள். பிறகு பொருளாதாரம் மந்தமானது, நிலமெடுப்பு இழுத்தது, வண்டிகள் நினைத்த அளவுக்கு ஓடவில்லை. கட்ட வேண்டிய பிரீமியத்தைத் தள்ளிவைக்க 2014-ல் அரசே வழிசெய்து கொடுக்க வேண்டியதாயிற்று. வங்கிகளில் வாராக்கடன் குவிந்தது. 2016 ஜனவரியில் வந்த ஹைப்ரிட் ஆன்யூட்டி முறை இந்தப் பட்டறிவில் பிறந்தது. கட்டும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு தந்துவிடும். மீதியைக் கம்பெனி போடும், அரசு அதை 15 வருடத் தவணைகளில் வட்டியோடு திருப்பித் தரும். டோல் வசூல் அரசுடையது. வண்டி ஓடாவிட்டால் நஷ்டமும் அரசுடையது. கம்பெனிக்கு இது நிம்மதி. வரி கட்டுபவருக்கு நிம்மதியா என்பது சாலையைப் பொறுத்தது.

சரி, ஒப்பந்தத்தில் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெல்லி–நொய்டா டிஎன்டி மேம்பாலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1997-ல் ஒப்பந்தம், 2001-ல் பாலம் திறப்பு, செலவு சுமார் 400 கோடி. யமுனையைக் கடக்க அருமையான பாலம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு மொத்தத் திட்டச் செலவின் மேல் வருடத்துக்கு 20 சதவீத லாபம் உறுதி. ஏதாவது ஒரு வருடம் வசூல் அந்த அளவுக்கு வரவில்லையா, குறைந்த தொகை அடுத்த வருடத் திட்டச் செலவோடு சேர்ந்துவிடும். அந்தக் கூடிய தொகையின் மேல் மறுபடி 20 சதவீதம். 30 வருடத்தில் கணக்கு முடியாவிட்டால் ஒப்பந்தக் காலம் தானாக நீளும்.

இதை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். புரிவதற்காக, செலவு 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வர வேண்டியது 20. செலவு போக நிகர வசூல் 12. குறைந்த 8 சேர்ந்து பாக்கி 108. இரண்டாம் வருடம் வர வேண்டியது 21.6, வசூல் 13, பாக்கி 116.6. வசூல் இப்படியே வருடத்துக்கு ஒரு கோடி கூடிக்கொண்டே போகிறது, தொழில் நன்றாகவே நடக்கிறது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் மொத்த வசூல் 165 கோடி. பாக்கி? 228 கோடி. போட்ட முதலுக்கு மேல் கைக்கு வந்த பிறகும் கடன் இரண்டு மடங்கைத் தாண்டி நிற்கிறது. நம் ஊரில் இதற்குக் கந்துவட்டி என்று பெயர்.

நிஜத்திலும் அதுதான் நடந்தது. சுமார் 400 கோடியில் கட்டிய பாலத்துக்கு "இன்னும் வசூலாக வேண்டியது" என்று சில ஆயிரம் கோடி ஏட்டில் ஏறிக்கொண்டே போனது. நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் டோல் வசூலை நிறுத்தியது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது, தலைமைக் கணக்குத் தணிக்கையர் கணக்கைப் பார்த்தார், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதே தீர்ப்பை உறுதிசெய்தது. முறையான டெண்டர் இல்லாமல் கொடுக்கப்பட்டது, கம்பெனி போட்ட பணத்தையும் லாபத்தையும் ஏற்கனவே எடுத்துவிட்டது என்பவை நீதிமன்றம் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. இதில் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்றுதான். மேலே போட்ட கணக்கு பத்தாம் வகுப்பு மாணவர் போடக்கூடியது. 1997-ல் அரசுத் தரப்பில் யாராவது ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும்.

திருப்பூர் கதை வேறு வகை. அங்கே யாரும் பேராசைப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சாயப்பட்டறைகளுக்கு லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, ஊருக்கும் குடிநீர் பற்றாக்குறை. மாநில அரசு, உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்ட் எஃப்எஸ், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் சேர்ந்து 1995-ல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கினார்கள். சுமார் 55 கிலோமீட்டர் குழாய் பதித்துக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். நாளுக்கு 18.5 கோடி லிட்டர், செலவு 1,023 கோடி, 30 வருட ஒப்பந்தம். இந்தியாவில் குடிநீரில் தனியாரைச் சேர்த்த முதல் பெரிய முயற்சி என்று இன்றும் பாடத்தில் வரும். வடிவமைப்பு கெட்டிக்காரத்தனமானது. தொழிற்சாலைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய், வீடுகளுக்கும் வழியில் உள்ள கிராமங்களுக்கும் அதைவிட மிகக் குறைந்த விலை. பட்டறை கட்டும் பணத்தில் குடும்பங்களுக்குக் குடிநீர்.

எல்லாம் ஒரே தூணில் நின்றது: பட்டறைகள் அவ்வளவு தண்ணீர் வாங்க வேண்டும். அந்தச் சாயத்தண்ணீர் நொய்யலில் போய் ஒரத்துப்பாளையம் அணையைக் கெடுத்தது 1990களிலேயே அந்தப் பகுதிக்கே தெரிந்த விஷயம். விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தண்ணீருக்கு வாடிக்கையாளரே இல்லாமல் போனார்கள். பட்டறைகள் திரும்பத் திறந்தபோது கழிவுநீரைச் சுத்திகரித்து அதையே மறுபடி பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். ஊருக்கு நல்லது, நதிக்கு நல்லது. திட்டத்தின் கணக்குக்கு மட்டும் பேரிடி. நதி சுத்தமாவதே நஷ்டமாகும்படி ஒரு குடிநீர்த் திட்டம் அமைந்துவிட்டது. வருமானக் கணிப்பைப் பார்க்கும்போது வாடிக்கையாளரின் மேல் என்ன வழக்கு நடக்கிறது என்று நான் இன்றுவரை தனியாக ஒரு பக்கம் எழுதுவது திருப்பூரைப் படித்த பிறகு வந்த பழக்கம்.

டிஎன்டி, திருப்பூர், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பராமரித்து டோல் வசூலித்த தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், இந்த மூன்றிலும் ஆரம்பத்தில் கூட்டாளி ஐஎல் அண்ட் எஃப்எஸ்தான். அந்தக் குழுமமே 2018-ல் 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடனோடு விழுந்தது. தனியார் கூட்டாளியின் பலத்தை டெண்டர் நாளில் மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வேலையைப் பங்கு பிரிப்பதிலும் சிக்கல் வரும். டெல்லி விமான நிலைய எக்ஸ்பிரஸ் மெட்ரோவில் தூணும் பாலமும் டெல்லி மெட்ரோ கழகம் கட்டியது. ரயிலும் தண்டவாளமும் ஓட்டும் பொறுப்பும் ரிலையன்ஸ் இன்ஃப்ரா தரப்பு. 2011-ல் ஓட ஆரம்பித்து, 2012 ஜூலையில் பாலத்தின் தாங்கிகளில் கோளாறு என்று நின்றது. கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2013 ஜூலையிலிருந்து மெட்ரோ கழகமே ஓட்டுகிறது. நடுவர் மன்றம் 2017-ல் கம்பெனிக்கு 2,782 கோடியும் வட்டியும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2021-ல் அதை ஏற்றது, 2024 ஏப்ரலில் சீராய்வுக்கும் அடுத்த கட்டமான குறைதீர் மனுவில் அதே நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. கோளாறு வந்தால் எத்தனை நாளில் சரிசெய்தால் "சரிசெய்ததாக" அர்த்தம் என்ற ஷரத்தைச் சுற்றியே பன்னிரண்டு வருடம் ஓடிப்போயிற்று.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வருகிறதென்றால், அது பஸ் நிலையமோ குப்பை மேலாண்மையோ புறவழிச்சாலையோ, முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் தரும் தொகை. தேசிய நெடுஞ்சாலைகளில் பல வருடம் பயன்பட்ட மாதிரி டோல் ஒப்பந்தத்தில், சாலை ஓட ஆரம்பித்த பிறகு தப்பு கம்பெனியுடையதாகவே இருந்தாலும், காப்பீட்டில் வந்தது போக, கடன் பாக்கியில் 90 சதவீதத்தை அரசு கட்ட வேண்டும். தப்பு அரசுடையதென்றால் முழுக் கடனும், கம்பெனி போட்ட முதலின் சரிக்கட்டிய மதிப்பில் ஒன்றரை மடங்கும். வங்கிக்காக வைத்த ஷரத்து இது. வங்கிகள் கேட்காமல் வந்திருக்காது என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் கவுன்சிலர்களுக்குத் தெரிவதில்லை. நகராட்சித் தீர்மானத்தில் கை தூக்கும் முன் அந்த எண்ணை ஒருமுறையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, குறைந்தபட்ச உத்தரவாதம். "நாளுக்கு இத்தனை டன் குப்பை தராவிட்டாலும் தந்ததாகக் கணக்கிட்டுப் பணம் தரப்படும்" என்பது போல ஒரு வரி இருக்கிறதா? இருந்தால், ஊர் குப்பையைக் குறைத்தால் நகராட்சிக்கு நஷ்டம். மறுபக்கமும் பார்க்க வேண்டும். கணிப்புக்கு மேல் வருமானம் வந்தால் பொதுமக்களுக்கு என்ன கிடைக்கும்? அதே நெடுஞ்சாலை மாதிரி ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டில் போக்குவரத்து இலக்கைவிடக் குறைந்தால் வசூல் காலம் நீளும், கூடினால் சுருங்கும். ஆனால் ஒரு சதவீதம் குறைந்தால் ஒன்றரை சதவீதம் நீளும். ஒரு சதவீதம் கூடினால் முக்கால் சதவீதம்தான் சுருங்கும். நீள்வதற்கு உச்சவரம்பு 20 சதவீதம், சுருங்குவதற்கு 10. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இவற்றையெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். தேசிய நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள் பல இணையத்திலேயே கிடைக்கின்றன. டோல் கட்டணம், வசூல் முடியும் காலம் போன்றவை அரசிதழ் அறிவிக்கையில் இருக்கும். மாநிலத் திட்டங்களுக்கும் உள்ளாட்சித் திட்டங்களுக்கும் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. மனுவில் "ஒப்பந்த நகல் தேவை" என்று மட்டும் எழுதினால் பின்னிணைப்புகளை விட்டுவிட்டு முதல் நாற்பது பக்கத்தை அனுப்புவார்கள். "அனைத்துப் பின்னிணைப்புகள், திருத்த ஒப்பந்தங்கள், போக்குவரத்து அல்லது தேவை பற்றிய ஆய்வு அறிக்கை, தனிப் பொறியாளர் அளித்த அறிக்கைகள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள் (தனிப் பொறியாளர் என்பவர் இரு தரப்பையும் சாராமல் வேலையை மேற்பார்வையிட நியமிக்கப்படுபவர்). திருத்த ஒப்பந்தத்தை விடாதீர்கள், டெண்டரில் இல்லாத சலுகைகள் பலவும் அதில்தான் நுழையும். வர்த்தக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுத்தால், பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். அதை எழுதும்போது, அந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம், எவ்வளவு பொதுத்துறை வங்கிக் கடன் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். பொதுநலன் எங்கே இருக்கிறது என்று அப்புறம் யாரும் உங்களிடம் கேட்க முடியாது.